4.4 ஸ்டார் கேமராவில் திருடன் முகம் தெரியவில்லை: வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடியில் அம்மா தனியாக இருக்கிறார். வீட்டு வாசலுக்கென்று ஆன்லைனில் ஒரு வைஃபை கேமரா வாங்கி மாட்டினோம். விற்பனைப் பக்கத்தில் 4கே (அதாவது மிகத் துல்லியமான படம்), கலர் நைட் விஷன், 128 ஜிபி மெமரி கார்டு இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். 4.4 ஸ்டார், ஆயிரக்கணக்கான ரிவ்யூ. சில மாதம் கழித்து ஒரு ராத்திரி கேட்டைத் திறந்து உள்ளே வந்து தம்பியின் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கேமரா அதைப் பதிவும் செய்திருந்தது.

வீடியோவை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனோம். ரைட்டர் பொறுமையாக முழுதும் பார்த்துவிட்டு, "ஆள் வந்திருக்கான்னு தெரியுது சார். யாருன்னு எங்க தெரியுது?" என்றார். அவர் சொன்னது சரிதான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. ஐஆர் வெளிச்சம் (இருட்டில் படம் எடுக்கக் கேமரா வீசும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி) நேரே அடித்ததில் கண், மூக்கு, மீசை எதுவும் பிரிந்து தெரியவில்லை. கையை வீசும்போது கைக்குப் பதிலாக ஒரு சாம்பல் நிற இழுவை. நம்பர் பிளேட் வெறும் வெள்ளைக் கட்டம். வண்டியைத் தெருவில் இறக்கிய பிறகு எந்தப் பக்கம் போனார்கள் என்று பார்க்கலாம் என்றால், அந்தக் கோப்பு திறக்கவே இல்லை.

கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதித்தோம். 128 ஜிபி என்று காட்டிய கார்டில் உண்மையில் இருந்தது 32 ஜிபிகூட இல்லை. இந்த மாதிரிக் கார்டு நிரம்பிய பிறகும் எழுதுவதுபோல் நடிக்கும். கேமரா ஆப்பிலும் பதிவாகிறது என்றே காட்டும். 4கே கதையும் அப்படித்தான். ஒரு நிமிட வீடியோ 7, 8 எம்பிதான் இருந்தது, அதாவது விநாடிக்கு ஒரு மெகாபிட். அவ்வளவு குறைந்த அளவில் 4கே படத்தைத் திணித்தால், அசையாத சுவர் அழகாகத் தெரியும். அசைகிற மனுஷன் கட்டம் கட்டமாக உடைந்துபோவான்.

விற்றவர்களைக் கூப்பிட்டால், "ப்ராடக்ட் ஒர்க் ஆகுதுல்ல சார்? ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருச்சே" என்று வைத்துவிட்டார்கள்.

இப்போது அந்த ரிவ்யூக்களைத் திரும்பப் படிக்கிறேன். "பேக்கிங் சூப்பர்", "டெலிவரி ஒரே நாளில்", "பையனே மாட்டிவிட்டான்", "கொடுத்த காசுக்கு வொர்த்". கூடவே போட்ட படங்கள் எல்லாம் பட்டப்பகலில் எடுத்தவை, பெரும்பாலும் ஹாலுக்குள். இவர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. பெட்டியைப் பிரித்த அன்றைக்கு எழுதுகிறவருக்கு அதற்கு மேல் எதுவும் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் பெட்டிக்குள் இன்னொன்றும் இருந்தது: 5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கேஷ்பேக் என்று ஒரு அட்டை. அதே பக்கத்தில் கீழே போனால், பல்பு வடிவக் கேமராவைப் பற்றிய ரிவ்யூகூட இந்த மாடலின் கணக்கில் சேர்ந்திருக்கிறது. ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் 2022-ல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. கடைப்பிடிப்பது கட்டாயம் என்று சொல்லாமல் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அதனால் ஸ்டார் கணக்கை விடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று ஸ்டார் ரிவ்யூக்களைப் புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்திப் படியுங்கள். "ஆறு மாதம் கழித்து" என்று தொடங்குகிற ஒரு ரிவ்யூ நூறு "சூப்பர்"களைவிட மேல்.

தொழில்முறையில் ரிவ்யூ செய்கிறவர்கள் கண்ணுக்கும் எல்லாம் படாது. யூஃபி என்ற பிராண்டின் கேமராக்கள் படத்தை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். அதற்காகவே பலர் பாராட்டினார்கள். சிறு படங்கள் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் உள்ள நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றன என்பதை 2022 நவம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

வாங்கினால், திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள் நீங்களே சோதித்துவிடுங்கள். சுவரில் நிரந்தரமாகத் துளை போடுவதற்கு முன்பே செய்யலாம். ராத்திரி 11 மணிக்கு மேல், வாசல் விளக்கை வழக்கமாக எப்படி வைப்பீர்களோ அப்படியே வைத்துவிட்டு, வீட்டு ஆள் ஒருவரைக் கேட்டிலிருந்து நடந்து வரச் சொல்லுங்கள். ஒரு தடவை சாதாரணமாக, ஒரு தடவை வேகமாக. நேரலையில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்; கார்டில் பதிவானதை எடுத்து, ஓடவிட்டு, நிறுத்தி, முகத்தைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்தப் படத்தைக் காட்டி யார் என்று கேளுங்கள். அவர் யோசித்தால் கேமரா தேறவில்லை.

கணக்கும் இருக்கிறது. ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்புப்படி, முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும். 2 மெகாபிக்சல் கேமராவின் அகலம் 1920 பிக்சல். 90 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும் லென்ஸ் என்றால் நாலு மீட்டருக்குள் வருகிறவரைத்தான் அப்படி அடையாளம் காண முடியும், அதுவும் நல்ல வெளிச்சத்தில். கேட் எட்டு மீட்டர் தள்ளி இருந்தால், அந்தக் கேமராவின் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை. சன்ஷேடுக்கு அடியில் உயரத்தில் மாட்டினால் உச்சந்தலைதான் பதிவாகும். ஏழு, எட்டு அடி உயரத்தில் வைத்துப் பார்த்தபோது எங்களுக்கு முகம் கிடைத்தது. ஐஆரை அணைத்துவிட்டு வாசலில் ஒரு 9 வாட் எல்இடி பல்பை எரியவிட்டதும் அந்த வெள்ளைத் திட்டு போய்விட்டது.

மெயின் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். கரண்ட் வந்ததும் தானாகப் பதிவைத் தொடங்குகிறதா, தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ரௌட்டரை மட்டும் அணைத்தும் ஒரு முறை பாருங்கள். நெட் இல்லையென்றால் சில கேமராக்கள் கார்டிலும் எழுதுவதில்லை. கார்டை மட்டும் கேமராவோடு வருவதை நம்பாமல் தனியாக, பில்லோடு, தொடர்பதிவுக்கென்றே செய்த ஹை என்ட்யூரன்ஸ் வகையில் வாங்குங்கள்.

ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போட முடியும். ஆர்டர் போடும் அன்றைக்கே விற்பனைப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்களுக்கு விற்ற பக்கத்தில் இப்போது 4கே என்ற சொல்லே இல்லை. தம்பி அன்றைக்கு எடுத்து வைத்த படத்தில் இருக்கிறது. அதையும் கார்டு சோதனையின் முடிவையும் சேர்த்துத்தான் புகார் கொடுத்திருக்கிறோம்.