பழைய ரீலுக்கு ஃபெல்ட் வாஷரா, கார்பன் வாஷரா?

திருகோணமலையில் கரையில் நின்று தூண்டில் போடும் தம்பிமார் அடிக்கடி கேட்பது இதுதான். அப்பா விட்டுப்போன ரீல் நல்லாத்தான் இருக்கும், ட்ராக் (மீன் இழுக்கும்போது நூலை அளவோடு விட்டுக்கொடுக்கும் பிரேக்) மட்டும் பிடித்துப் பிடித்து இழுக்கும். கழற்றினால் உள்ளே பிரேக் பிடிக்கும் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) வாஷர் தட்டையாகி, உப்பும் பழைய கிரீஸும் சேர்ந்து கறுத்த களியாக ஒட்டியிருக்கும்.

விலை: ஃபெல்ட் மலிவு. கார்பனுக்கு (கார்பன் நார் வாஷர்) விலை கூட.

உழைப்பு: ஃபெல்ட் அமுங்கும், காய்ந்தால் கருகும். கார்பன் சூட்டைத் தாங்கும். கொட்டியாரக்குடாவில் பெரிய பாரை ஒன்று நிற்காமல் தங்கூசியை (தூண்டில் நூலை) இழுக்கும்போது வாஷர் கொதிக்கும், வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

மென்மை: குறைந்த இறுக்கத்தில் ஃபெல்ட் வழுக்கிக்கொண்டு போகும். எனக்கு அது இன்னும் பிடிக்கும்.

மாற்றுவது: இரண்டும் ஒரே வேலைதான். வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே படம் எடுத்து வையுங்கள். தடிப்பு அளக்காமல் கார்பன் வாங்காதீர்கள். தடித்தால் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் சுற்றாது, மெலிந்தால் இறுக்கம் வராது. கார்பனுக்கும் ட்ராக் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள், உப்புக்காற்றில் உலோகத் தட்டுகள் இலகுவில் துருப்பிடிக்காது.

சின்ன மீனுக்கு, மெல்லிய தங்கூசிக்கு ஃபெல்ட் போதும். பாரை, சீலா, அறக்குளா என்றால் யோசிக்காமல் கார்பன். எதைப் போட்டாலும் 20 இறாத்தல் தாங்கும் தங்கூசிக்கு ட்ராக்கை 5, 6 இறாத்தலுக்கு மேல் இறுக்க வேண்டாம். அப்புறம், மீன்பிடித்து வந்ததும் ட்ராக்கைத் தளர்த்தி வையுங்கள்.