கார்த்திகை மீனுக்கு எந்தத் தொலைகாட்டி? ஹபிள், கெப்ளர், டெஸ், கையா: ஒரு வன்னி அலசல்

கார்த்திகை மாதத்தில் கார்த்திகை மீன் என்ற விண்மீன் கூட்டத்தைக் காட்டலாம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், வன்னியில் மழைதான் காட்சி தரும். உயர்தரப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு இரணைமடுக் குளக்கட்டுப் பக்கம் போய், அரை மணித்தியாலம் முகிலைப் பார்த்துவிட்டு நனைந்து திரும்பினோம். வரும் வழியில் ஒருவன் சொன்னான்: "சேர், மேல நிக்கிற தொலைகாட்டிக்கு மழை இல்லைத்தானே. அதின்ர தரவை எடுத்துப் பார்ப்பம்."

நியாயமான கதை. விண்தொலைகாட்டிகளின் தரவில் பெரும்பகுதி இன்று எவரும் இலவசமாக எடுக்கக்கூடியது. ஆனால் எங்களிடம் இருந்தது இரண்டு பழைய லப்டொப், ஒரு போனின் ஹொட்ஸ்பொட், இடி முழங்கினால் போய்விடும் கரண்ட். அந்த நிலைமையில் ஹபிள், கெப்ளர், டெஸ், கையா நான்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தோம்.

எல்லோரும் முதலில் கேட்டது ஹபிளையும், அதன் பின்னால் வந்த ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியையும்தான். 1990இல் போன ஹபிளின் ஆடி 2.4 மீற்றர், 2021 டிசம்பரில் போன வெப்பின் ஆடி 6.5 மீற்றர். அந்தப் படங்களைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் களஞ்சியத்தில் இருந்து இறக்கிப் பார்த்தால் வருவது கறுப்பு வெள்ளைக் கோப்பு. ஒரு ஒளி வடிகட்டிக்கு ஒரு கோப்பு. மூன்றை எடுத்து, நிறம் கொடுத்து, அடுக்கினால்தான் நாங்கள் அறிந்த வண்ணப்படம் வரும். வெப் பார்ப்பது அகச்சிவப்பு என்பதால் அதன் நிறங்கள் எல்லாமே மனிதர் தெரிந்து கொடுத்தவை. ஒரு கோப்பே சில நூறு மெகாபைட் வரும். முதலாவது இறங்கிக்கொண்டிருக்கும்போதே எங்கள் டேட்டா முடிந்துவிட்டது. அதோடு, புதிதாக எடுத்த வெப் தரவைக் கேட்டு வாங்கிய ஆய்வாளர்களுக்கு ஒரு வருடம் வரை தனியுரிமை இருக்கலாம். சுவரில் ஒட்ட ஒரு படம் வேண்டுமென்றால் ஹபிள் போதும். ஒரு கேள்விக்கு விடை வேண்டுமென்றால், பள்ளிக்கூட மட்டத்தில் நான் இதைத் தள்ளித்தான் வைப்பேன்.

கெப்ளரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2009இல் போனது. அன்னம், யாழ் ஆகிய விண்மீன் குழாங்கள் இருக்கும் ஒரே பக்கத்தை, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை, நான்கு வருடம் கண் எடுக்காமல் பார்த்தது. 2013இல் அதன் திசையைப் பிடித்து வைத்திருக்கும் சுழலும் சில்லுகளில் இரண்டாவதும் பழுதாக, வேறு முறையில் 2018 வரை இழுத்தார்கள். நீண்ட காலத்தில் சுற்றும் கோளைத் தேட இதைவிட நல்ல தரவு இல்லை. ஒரு தொல்லை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன்னைத் திருப்பிக்கொள்ளும், அப்போது அதே விண்மீன் வேறொரு உணரியில் விழும். வரைபில் படிக்கட்டு மாதிரி ஏற்ற இறக்கம் வரும். தெரியாத பிள்ளை அதையே கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடும்.

போட்டி உண்மையில் டெஸ்ஸுக்கும் கையாவுக்கும்தான்.

டெஸ் 2018 ஏப்ரலில் ஏவப்பட்டது. நான்கு கமராக்கள், ஒவ்வொன்றின் வில்லைத் திறப்பும் பத்துச் சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். வானத்தில் 24 பாகை அகலமும் 96 பாகை நீளமும் உள்ள துண்டைக் கிட்டத்தட்ட 27 நாள் பார்த்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போகும். விண்மீனுக்கு முன்னால் கோள் கடக்கும்போது ஒளி துளி குறையும். அந்தக் குறைவைத்தான் அது தேடுகிறது. தெரிவு செய்த விண்மீன்களுக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒரு அளவீடு உண்டு.

நாங்கள் எடுத்தது வாஸ்ப்-18 என்ற விண்மீன். அதன் கோள் 22.6 மணித்தியாலத்தில் ஒரு சுற்று முடித்துவிடும். ஆகவே 27 நாள் ஒளி வரைபில் இருபதுக்கு மேற்பட்ட பள்ளங்கள், எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு பள்ளமும் ஏறத்தாழ ஒரு சதவீத ஆழம். மறைக்கப்படுவது பரப்பளவு என்பதால் 0.01இன் வர்க்கமூலம் எடுத்தால் 0.1. கோளின் ஆரை விண்மீனின் ஆரையில் பத்தில் ஒன்று, அதாவது வியாழன் மாதிரியான ஒரு பூதம். உயர்தரக் கணக்குக்கூட இல்லை, சாதாரண தரம். ஆனால் விடை வந்ததும் வகுப்பில் ஒரு நிமிடம் சத்தம் இல்லை.

வரைபின் நடுவில் ஒரு வெட்டு இருந்தது. "அங்கயும் கரண்ட் கட்டோ சேர்?" என்றாள் ஒருத்தி. இல்லைப் பிள்ளை; 13.7 நாளுக்கு ஒருமுறை பூமிக்குக் கிட்ட வந்து தரவை இறக்கும்போது விழும் இடைவெளி அது.

டேட்டா பிரச்சினைக்கு வழி கூகுள் கோலாப். லைட்கேர்வ் என்ற பைத்தன் பொதியை அங்கே ஓடவிட்டால், கோப்பு இறங்குவது கூகுளின் கணினிக்கு. எங்கள் போனுக்கு வருவது வரைபு மட்டும். இது தெரியாமல் ஒரு கிழமை வீணாக்கினோம்.

டெஸ்ஸின் குறை அதன் பெரிய படப்புள்ளி. ஒன்று 21 வில்செக்கன் அகலம் (ஒரு பாகையில் 3600 வில்செக்கன்). ஹபிளின் ஒரு கமராவில் அது 0.05 வில்செக்கன். ஒரு புள்ளிக்குள் பக்கத்து வீட்டு விண்மீனின் ஒளியும் வந்து விழும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீனாக இருந்தால், எங்கள் விண்மீனுக்குக் கோள் இருப்பது மாதிரிப் பொய்ப் பள்ளம் தெரியும். பக்கத்தில் யார் இருக்கிறார் என்று எப்படிப் பார்ப்பது? கையாவில்தான். ஆகவே டெஸ்ஸோடு வேலை செய்பவர் ஒருநாள் கையாவின் வாசலுக்கு வந்தே ஆகவேண்டும்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கையா 2013 டிசம்பரில் போய், 2025 ஜனவரி 15ஆம் திகதி அவதானிப்பை நிறுத்தியது. வண்ணப்படம் தராது. தருவது அட்டவணை. 2022 ஜூனில் வந்த மூன்றாவது வெளியீட்டில் ஏறத்தாழ 180 கோடி விண்பொருட்கள். அவற்றில் 146 கோடி அளவுக்கு இடமாறும் உண்டு. பௌதிக ஆய்வுகூடத்தில் இடமாறு தோற்ற வழு என்று பிள்ளைகள் புள்ளி இழக்கும் அதே இடமாறுதான். பரந்தன் பஸ்ஸின் யன்னலால் பார்த்தால் வேலியோரப் பனை விரைவாகப் பின்னுக்குப் போகும், தூரத்துப் பனங்கூடல் ஆறுதலாக நகரும். பஸ்ஸுக்குப் பதில் சூரியனைச் சுற்றும் கையா, பனைக்குப் பதில் விண்மீன்.

களஞ்சியத்தின் தேடல் பக்கத்தில் கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றி இரண்டு பாகை ஆரை கேட்டோம். இடமாறு, அசைவு, பிரகாசம், நிறம் என்று தேவையான நிரல்களை மட்டும் தெரிந்து, மிகத் தூரத்தவற்றை அங்கேயே வடிகட்டினால் வருவது வட்ஸ்அப் வீடியோவைவிடச் சின்னக் கோப்பு. எக்செல்லிலேயே திறக்கலாம். கோடிங் தேவையில்லை. அசைவை வரைபாக்கியதும் ஒரு மூலையில் புள்ளிகள் திரண்டு நின்றன. பின்னணி விண்மீன்கள் கண்டபடி சிதற, ஒரே பக்கம் சேர்ந்து போகும் கூட்டம் அது. அறுமீன் என்று முன்னோர் எண்ணியது ஆறு. உறுப்பினர் ஆயிரத்துக்கு மேல்.

தூரம் காண்பது அதைவிட எளிது. சராசரி இடமாறு 7.36 மில்லிவில்செக்கன் அளவு. ஆயிரத்தை அதால் பிரித்தால் 136 பார்செக், 3.26ஆல் பெருக்கினால் 443 ஒளியாண்டு. இந்த ஒரு எண்ணுக்காகப் பெரிய பிணக்கே நடந்தது. கையாவுக்கு முன்னோடியான ஹிப்பார்கஸ் சொன்ன தூரம் 120 பார்செக் அளவு. மற்ற முறைகள் 133க்கு மேல் என்றன. ரேடியோத் தொலைகாட்டிகளை இணைத்து 2014இல் வெளியான அளவீடு 136 பக்கம் சாய்ந்தது, கையாவும் அதையே சொன்னது. புத்தகத்தில் ஒருவரியாக இருக்கும் எண்ணுக்குப் பின்னால் இத்தனை வருட இழுபறி இருப்பதை, எக்செல்லில் தங்கள் கையால் கண்ட பிள்ளைக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆகவே என் தெரிவு: முதலில் கையா. பைத்தனில் கொஞ்சம் கை வந்த பிறகு டெஸ். ஒரு தவணைக்கு ஒன்றுதான் என்றால் கையா மட்டும். டெஸ்தான் பரபரப்பு என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் கோலாப்புக்கு நெட் நிற்கவேண்டும். கையாவின் கோப்பை ஒருமுறை இறக்கினால் கரண்ட் இல்லாத இரவிலும் லப்டொப் பற்றரி உள்ளவரை ஓடும்.

கையாவும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. கார்த்திகை முடிந்ததும் பிள்ளைகள் ரோகிணிக்குத் தாவினார்கள். ரோகிணியைச் சுற்றித் தெரியும் கூட்டம் 47 பார்செக் தூரத்தில் என்று அழகாக வந்தது. ரோகிணி மட்டும் அட்டவணையில் இல்லை. தேடித் தேடிக் களைத்து, பெயரைப் பிழையாக அடித்துவிட்டோம் என்று ஆளையாள் ஏசினார்கள். அளவுக்கு மிஞ்சிய பிரகாசம் என்பதால் கையாவின் உணரிக்கு அது பிடிபடவில்லை. கடைசியில், கார்த்திகையில் பிழைவிட்ட அதே பழைய ஹிப்பார்கஸிடம் போய்த்தான் 20 பார்செக் என்ற விடையை வாங்கினோம். ரோகிணி அந்தக் கூட்டத்து ஆளே இல்லை, பாதி வழியில் நிற்கிறது.