செவ்வாய்க்கிழமைக் கூட்டம்: பதினாலு மாதம் போய்ப் பார்த்தவளின் கணக்கு

நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் காசாளர். பதினேழு வருசமாக மற்றவர்களின் சில்லறையை எண்ணுகிறவள். ஆகவே எதைப் பற்றிச் சொன்னாலும் எவ்வளவு கொடுத்தேன், என்ன கிடைத்தது என்றுதான் எனக்குச் சொல்ல வரும். யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு சனசமூக நிலையத்தில் செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் குடியை விட நினைப்பவர்களுக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு கூட்டம் நடக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் அங்கே யார் யார் வருகிறார்கள் என்று ஒரு மணித்தியாலத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

இவர், என் மனுசன், மேசன். நல்ல கை. இவர் பூசின சுவரில் உள்ளங்கையை வைத்து இழுத்தால் எங்கேயும் தட்டாது. குடி எப்போது தொடங்கியது என்று கேட்டால் சண்டை, இடம்பெயர்வு என்று சொல்வார். இருக்கலாம். எனக்கும் அதே சண்டை, அதே இடம்பெயர்வுதான். கடைசி வருசங்களில் நாளுக்கு ஒரு அரைப் போத்தல் சாராயம். பௌர்ணமிப் போயா நாளில் பார் பூட்டு என்பதால் முதல் நாளே இரண்டு வாங்கி, தண்ணித் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். எங்கள் வீட்டில் போயா நாட்காட்டியை அவரைப் போலப் பக்தியாகப் பார்த்தவர் வேறு ஒருவரும் இல்லை.

இந்தக் கூட்டத்துக்கு வர முன்னம் இரண்டு தரம் முயன்றோம். அதைச் சொல்லாமல் இதன் அருமை விளங்காது.

முதல் தரம் நல்லூர்த் திருவிழா. கொடியேற்றத்தில் இருந்து 25 நாளும் தொடமாட்டேன் என்று நேர்ந்தார். நானும் சந்தோசப்பட்டேன். அன்றைக்கு இரவே கை நடுங்கத் தொடங்கியது. அடுத்த நாள் இரவு சுவரைக் காட்டி, "எறும்பு ஊருது, துடை" என்றார். சுவரில் ஒன்றும் இல்லை. விடியப்புறம் வலிப்பு வந்தது. பல்லைக் கடித்ததில் நாக்கு வெட்டுப்பட்டு இரத்தம். 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸில் கொண்டுபோனோம். அங்கே இருந்த டொக்டர் என்னைத்தான் ஏசினார்: "இவ்வளவு குடிக்கிற ஆளை ஒரேயடியாக நிற்பாட்ட விடலாமோ அம்மா?" அப்போதுதான் தெரிந்தது. நாள்தோறும் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் ஆறு மணித்தியாலத்தில் இருந்து நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளில் இருந்து நாலாம் நாளுக்குள் புத்தி தடுமாறி, காய்ச்சலும் சேர்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். தூள், அதுதான் ஹெரோயின், பாவிக்கிற பொடியன் நிறுத்தினால் படுகிற பாட்டைப் பார்க்க முடியாது, ஆனால் அது பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. சாராயத்தைத் திடீரென்று நிறுத்துவது கொல்லக் கூடியது. நாங்கள் அதை எப்பவும் மறுவளமாகத்தான் நினைத்திருக்கிறோம். முருகனை நேர்ந்ததில் பிழையில்லை, டொக்டரிடம் கேட்காமல் நேர்ந்ததுதான் பிழை.

இரண்டாம் தரம் வேறு மாவட்டத்தில் ஒரு தனியார் நிலையம். மூன்று மாதத்துக்கு ஒன்றரை லட்சம். தாலிக்கொடியை வங்கியில் ஈடு வைத்துக் கட்டினேன். போனை வாங்கி வைத்தார்கள். கிழமைக்கு ஒரு தரம் ஐந்து நிமிசம் கதைக்கலாம், பக்கத்தில் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். மருந்து என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டால், "அதை எங்களிடம் விடுங்கோ" என்பது பதில். மூன்று மாதம் முடிந்து மெலிந்து, தலை மொட்டையாக வந்தார். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கினவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இரவு பத்தரை. வாசம் படலையிலேயே வந்துவிட்டது. மூன்று மாதம் பூட்டி வைத்ததில் குடிக்காமல் இருந்தார், அவ்வளவுதான். திரும்பி வந்த வீடு அதே வீடு, அதே பார், அதே கூட்டாளிமார், அதே நான்.

இந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் என்னையும் ஒரு ஆளாக எடுத்தது.

முதல் நாள் நான் தனியப் போனேன், இவர் வரமாட்டேன் என்றுவிட்டார். அதற்காக என்னைத் திருப்பி அனுப்பவில்லை. ஆற்றுப்படுத்துனர் ஒரு சின்னப் பிள்ளை, முப்பது வயது இருக்கும், எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். "அண்ணை வராட்டிப் பரவாயில்லை அக்கா, நீங்கள் வாங்கோ" என்றார். பிறகு கேட்ட கேள்விகள் எனக்குக் கோபத்தைத் தந்தன. அவர் வேலைக்குப் போகாத நாளில் கொந்தராத்துக்காரருக்கு யார் போன் பண்ணுவது? நான். என்ன சொல்வீர்கள்? காய்ச்சல் என்று. வாந்தி எடுத்தால் யார் கழுவுவது? நான். விடிய யார் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுப்பது? அதுவும் நான். "அப்ப அண்ணைக்குக் குடியால ஒரு கரைச்சலும் இல்லை, எல்லாக் கரைச்சலும் உங்களுக்குத்தான்" என்றார். அன்றைக்கு எழும்பி வந்துவிட்டேன். அடுத்த செவ்வாய் திரும்பப் போனேன்.

மிஸ் சொல்லித் தந்தது இதுதான்: ஏசாதே, கெஞ்சாதே, மறைக்காதே. வெறியில் நிற்கும்போது கதைக்காதே. தெளிவாக இருக்கும் நேரத்தில் நல்ல சாப்பாடு, நல்ல கதை. அவர் செய்ததன் பலனை அவர் பார்க்கட்டும். சொல்ல எளிது. முதல் தரம் வாந்தியைக் கழுவாமல் விட்டுவிட்டு வேலைக்குப் போன நாளில் கடையில் மூன்று பேருக்கு மிச்சக்காசு பிழையாகக் கொடுத்தேன். பின்னேரம் வந்து பார்த்தபோது நிலம் கழுவிக் காய்ந்திருந்தது. பேச்சில்லை. ஆறு கிழமை கழித்து, "அங்க என்னதான் கதைக்கிறியள்?" என்று கேட்டார். அடுத்த செவ்வாய் சைக்கிளில் பின்னால் வந்தார்.

அவர் வந்ததும் கூட்டத்தில் உட்கார வைக்கவில்லை. முதலில் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. ஒன்பது நாள் வாட்டில் இருந்தார். நடுக்கத்துக்குக் குளிசை கொடுத்து நாளுக்கு நாள் குறைத்தார்கள், பி1 விற்றமின் ஊசி போட்டார்கள். அந்த விற்றமின் குறைந்தால் நடை தள்ளாடும், ஞாபகம் திரும்ப வராமலே போகலாம் என்று தாதி சொன்னார். பிறகு கிளினிக். எல்லாம் அரச ஆஸ்பத்திரி, ஒரு சதமும் கட்டவில்லை. கூட்டமும் இலவசம். என்னுடைய செலவு என்றால் செவ்வாய்க்கிழமை அவர் நேரத்தோடு வேலை விட்டு வருவதால் கழிகிற சம்பளமும், தேத்தண்ணி டப்பாவில் போடுகிற நூறு ரூபாயும்தான்.

கூட்டத்தில் விசேசமாக ஒன்றும் இருக்காது. பிளாஸ்ரிக் கதிரைகள் வட்டமாக. முன்பக்கம் பேப்பர் வாசிக்கிற மேசையும் கரம் போட்டும். ஆளாளுக்குத் தன் கிழமை எப்படிப் போனது என்று சொல்வார்கள். புத்திமதி சொல்ல ஒருவருக்கும் அனுமதி இல்லை. எங்கள் ஊரில் இப்படி ஒரு சட்டத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. குடித்தவன் குடித்தவனோடு கதைத்தால்தான் ஏறும் என்பது புதுக் கதை இல்லை. 1935இல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் பங்குச்சந்தைக்காரர் ஒருவரும் சத்திரசிகிச்சை டொக்டர் ஒருவரும் அப்படிக் கதைத்துத்தான் பெயர் மறைத்த குடிகாரர் சங்கம் தொடங்கியது. அந்தப் பங்குச்சந்தைக்காரரின் மனைவி 1951இல் வீட்டுக்காரருக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார். பதினாறு வருசம் பிந்தி! எங்களை எப்பவும் கடைசியாகத்தான் நினைப்பார்கள். கிட்டத்தில் என்றால் தமிழ்நாட்டில் குடியை விட வைத்தியம் செய்கிற சென்னை டி.டி.கே. ஆஸ்பத்திரிக்காரர் 1989இல் மஞ்சக்குடி என்ற கிராமத்தில் முகாம் போட்டார்கள். நோயாளியைச் சென்னைக்குக் கொண்டுபோகாமல் ஆஸ்பத்திரி ஊருக்குப் போனது. இந்தக் கதைகளை மிஸ் சொன்னபோது, எங்கள் பிளாஸ்ரிக் கதிரை வட்டத்துக்கும் ஒரு பரம்பரை இருக்கிறது என்று பட்டது.

தேத்தண்ணிக்குப் பனங்கட்டி. அதைக் கொண்டுவருகிறவர் எட்டு வருசமாகக் குடிக்காத ஒரு சீவல் தொழிலாளி. எல்லோரும் பெரியண்ணை என்போம். கள்ளை நிறுத்தின ஆள் எப்படிப் பனையில் ஏறுவது என்று நான் கேட்டேன். சிரித்துக்கொண்டு சொன்னார்: "முட்டியில சுண்ணாம்பைப் பூசினாப் புளிக்காது தங்கச்சி. அதே மரம், அதே பாளை. இறக்கினாக் கருப்பணி." அந்தக் கருப்பணியைக் காய்ச்சினால் பனங்கட்டி. குடியை விட்ட புதிதில் இனிப்பு ஆசை வரும், கடித்துக்கொள் என்று இவருக்கு ஒரு குட்டானையே, ஓலைப்பெட்டியோடு, கொடுத்தார். இரண்டு மாதம் எங்கள் வீட்டுச் சீனிப் போத்தலும் சேர்ந்து காலியானது. பரவாயில்லை.

மிஸ் என்னிடம் ஒரு சி.ஆர். கொப்பியில், அந்தத் தடித்த மட்டைக் கொப்பியில், செலவை எழுதச் சொன்னார். அவருக்குக் காட்ட இல்லை, எனக்குத்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின மாதக் கூட்டுத்தொகை 46,350 ரூபாய். சாராயம், பீடி, குடியோடு கடித்துத் தின்றது, வெறியில் உடைந்த இரண்டு போன் கண்ணாடி, விழுந்து கிழிந்த காலுக்குத் தையல் போட ஓட்டோ. நான் காசாளர் இல்லையா, இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். அதே 46,350. ஒருநாள் கொப்பியை மேசையில் மறந்து வைத்துவிட்டேன். திரும்பி வந்தபோது ஓட்டோக் காசுக்குப் பக்கத்தில் அவருடைய வெட்டுக் கையெழுத்தில், "இது 400 இல்லை 600" என்று இருந்தது. இப்போதும் அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை.

ஐந்தாம் மாதம் வழுக்கினார். சித்தப்பா செத்து எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தார்கள்: ஆட்டிறைச்சி, கருவாடு, ஒரு போத்தல் சாராயம். படையல் முடிந்து போத்தல் கைமாறியது. இரவு எட்டு மணிக்கு வந்து திண்ணையில் படுத்தார். நான் ஏசவில்லை, உள்ளே போய்ப் பெரியண்ணைக்குப் போன் அடித்தேன். விடிய ஐந்தரைக்குப் படலையில் சைக்கிள் மணி. மரம் ஏறப் போகிற வழியில் வந்திருந்தார். இவரை எழுப்பி, ஒரு புத்திமதியும் இல்லாமல், "வா, மரத்தடிக்கு வந்து இரு" என்று கூட்டிக்கொண்டு போனார். பத்து மணிக்குத் திரும்பி வந்தவர் குளித்துச் சாப்பிட்டு, கொந்தராத்துக்காரருக்குத் தானே போன் பண்ணி, "நேற்றுக் குடிச்சிட்டன், இண்டைக்கு வரமாட்டன்" என்றார். ஒன்றரை லட்சத்துக்கு எனக்குக் கிடைக்காதது இந்த சைக்கிள் மணி.

சரி, குறைகள். ரகசியம் கசிகிறது. நான் கூட்டத்தில் அழுதது அடுத்த நாள் விடிய என் கவுண்டருக்கே திரும்பி வந்தது, அரைக் கிலோ பருப்பு வாங்க வந்த மனிசியின் வாயால். மிஸ்ஸிடம் சொன்னேன், அடுத்த கூட்டத்தில் கடுமையாகச் சொன்னார், கொஞ்சம் குறைந்தது. ஊருக்குள் நடக்கிற வைத்தியத்தின் பலமும் பலவீனமும் இதுதான்: எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

இரண்டாவது, குடிக்கிற பெண்கள், போதைக்குக் குளிசை போடுகிற பெண்கள் வர இங்கே இடமில்லை. வரக்கூடாது என்று எழுதிப் போடவில்லை. ஆனால் பதினாறு ஆம்பிளைகள் இருக்கிற வட்டத்தில் ஒரு பிள்ளை ஒரு செவ்வாய் மட்டும் வந்து, வாய் திறக்காமல் போனது, திரும்ப வரவில்லை. மூன்றாவது, ஐஸ் என்கிற போதைப்பொருள், தூள் என்று வருகிற இருபது வயதுப் பொடியங்களை ஐம்பது வயதுச் சாராயக்காரரோடு இருத்துவது பொருந்தவில்லை. பொடியங்கள் போனை நோண்டுவார்கள், பெரியவர்கள் "எங்கட காலத்தில" என்று தொடங்குவார்கள். அவர்களுக்கு வேறு நாள், வேறு ஆள் வேண்டும். பின்னேரம் நாலரை என்ற நேரமும் நாட்கூலிக்காரருக்குச் சரிவராது. ஆறரைக்கு வைத்தால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள்.

ஒன்றை மறக்க முதல் சொல்லிவிடுகிறேன். ஆளுக்குத் தெரியாமல் கறியில் கலந்து கொடுத்தால் குடி மறக்கும் என்று போனில் விளம்பரம் வருகிற தூள்களை நானும் ஒருகாலம் வாங்கப் பார்த்தேன். மிஸ்ஸிடம் கேட்டபோது அவர் முகம் மாறியது. டொக்டர்மார் கொடுக்கிற டைசல்பிரம் என்று ஒரு குளிசை உண்டு. அதைப் போட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் இறங்கும். ஆள் தெரிந்து, சம்மதித்து, டொக்டர் பார்த்துத்தான் போட வேண்டும். அந்தத் தூளுக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. ஒளித்துக் கலந்து கொடுத்தால் ஆளை நீங்களே கொல்லலாம் என்றார். அன்றோடு விட்டேன்.

இப்போது பதினாலு மாதம். வழுக்கல் இரண்டு தரம். தாலிக்கொடி இன்னும் வங்கியில்தான், வட்டியும் முதலுமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். கூட்டத்துக்கு ஐந்துக்கு நாலு போடுவேன். ரகசியத்துக்கு ஒன்றைக் கழித்துவிட்டேன், அந்தப் பருப்பு வாங்கின மனிசி வாசித்தாலும் பரவாயில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆள் வர மறுத்தால் நீங்கள் தனியப் போங்கோ. நாள்தோறும் குடிக்கிற ஆள் என்றால் கூட்டத்துக்கு முதல் ஆஸ்பத்திரி. இரவில் மனம் தாங்காமல் யாரோடாவது கதைக்க வேண்டும் போல இருந்தால் 1926, மனநல உதவி இலக்கம். நான் ஒரு தரம் அடித்திருக்கிறேன். நிலையத்தின் முன்வாசலில் பொடியங்கள் கரம் அடிப்பார்கள், எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கிணத்தடிப் பக்கமாக ஒரு பின்வாசல் இருக்கிறது, அதைப் பூட்டுவதில்லை. முதல் மூன்று கிழமையும் நான் அதாலேதான் போனேன்.