மீன்தொட்டித் தண்ணீர் பச்சையாகிக்கொண்டேயிருந்தது: நாலு வருட அனுபவம்

2021 தை மாதம் தொட்டியை வைத்தேன். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 110 லீற்றர் அளவில் பிடிக்கும். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு ஹோலில், கிழக்குப் பார்த்த யன்னலுக்குப் பக்கத்தில் இடம் பார்த்தேன். காலை வெயில் விழும்போது மோலியும் கௌராமியும் மினுங்கும், அதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கலாம் என்று ஆசை. பிழை அங்கேயே தொடங்கிவிட்டது. அது விளங்கத்தான் இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது.

சித்திரை பிறக்க, தண்ணீர் லேசாகப் பச்சை பூசிக்கொண்டது. பத்து நாளில் பின்பக்கக் கண்ணாடி தெரியவில்லை. மீன் முன்னால் வந்தால்தான் மீன் இருப்பதே தெரியும்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான்: பாதித் தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டு, கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். அடுத்த நாள் கொஞ்சம் தெளிவு, மூன்றாம் நாள் பழையபடி. திரும்பவும் இறைத்தேன். சில கிழமை இரண்டு நாளுக்கு ஒருமுறை வாளி தூக்கினேன். வடிகட்டிப் பஞ்சைக் கழுவினேன், மணலைக் கழுவினேன். ஒருமுறை தொட்டி முழுவதையும் வெறுமையாக்கிக் கழுவியதில் வடிகட்டியில் குடியிருந்த நல்ல பக்டீரியாவும் போய், பச்சைக்குப் பதில் ஒரு கிழமை வெள்ளைக் கலங்கல். இரண்டும் வேறு வேறு சங்கதி என்று அப்போது தெரியாது. ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளி வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தால் போதும். பால் மாதிரி என்றால் பெரும்பாலும் பக்டீரியாப் பெருக்கம், அதை விட்டுவிட்டால் தானே அடங்கும். பச்சை என்றால் தண்ணீரில் மிதக்கும் ஒற்றைக்கலப் பாசி, பள்ளிக்கூடத்தில் அல்கா என்று படித்தோமே, அது. குவளையை ஒரு பகல் அசையாமல் வைத்தாலும் அடியில் படியாது. அவ்வளவு சின்னது என்பதால் சாதாரணப் பஞ்சு வடிகட்டிக்குள்ளால் தாராளமாகப் போய் வரும்.

அப்புறம் கடையில் ஒரு போத்தல் தந்தார்கள், தண்ணீரைத் தெளிய வைக்கும் மருந்து. இரண்டு நாள் பளிங்கு, நாலாம் நாள் பச்சை. அதையே அந்த வருடக் கார்த்திகையில் இன்னொருமுறை ஊற்றினேன். இந்தமுறை பச்சை போனது, மாதக்கணக்கில் திரும்பவும் இல்லை. மருந்து வேலை செய்துவிட்டது என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். இரண்டு பேர் வாங்கியும் விட்டார்கள், பாவம். உண்மையில் வேலை செய்தது மாரி. வாடைக்காற்றோடு மழை இருட்டு வந்து யன்னல் வெயிலை மறைத்துவிட்டது. அடுத்த சித்திரையில் பச்சை திரும்பி வந்தபோது போத்தலில் பாதி மிச்சம் இருந்தது.

அந்த 2022ஐ நினைத்தால் இப்போதும் மனம் கனக்கும். நாடு முழுக்க மின்வெட்டு, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. காற்றுப் பம்பும் வடிகட்டியும் நின்றுவிடும். பச்சைத் தண்ணீர் பகலில் ஒட்சிசன் தரும், இரவில் மீனோடு போட்டி போட்டு அதையே எடுக்கும். தண்ணீர் சூடாக இருந்தால் அதில் கரையும் ஒட்சிசனும் குறைவு. எங்கள் ஊர்ச் சூட்டில் தொட்டி 31 பாகையில் நிற்கும். ஒரு விடியற்காலை பார்த்தால் எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. குவளையால் அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினேன். இரண்டு மோலி தப்பவில்லை. அதுவரைக்கும் பச்சையைப் பார்வைக்கு அசிங்கம் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

இருட்டு வைத்தியம் அதற்குப் பிறகு. விளக்கை அணைத்து, கறுப்புத் தரப்பாளால் நாலு பக்கமும் மேலேயும் மூடி, நாலு நாள். சாப்பாடு போடவில்லை, நல்ல சுகமாக இருக்கும் மீனுக்கு நாலு நாள் பட்டினி பெரிய விஷயமில்லை. கரண்ட் இருந்த நேரமெல்லாம் காற்றுப் பம்ப் ஓடியது. திறந்தபோது தண்ணீர் மங்கல் சாம்பலாகத் தெளிந்திருந்தது. செத்த பாசி அழுகி அமோனியா கூடும் என்பதால் உடனே மூன்றில் ஒரு பங்கு மாற்றினேன். சந்தோஷம் 12 நாள்.

திருப்பம் தம்பலகாமத்திலிருந்து வந்தது. அங்கே வயல் செய்யும் மாமா ஒருநாள் வந்திருந்தார். நான் வாளியோடு நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளை, வயலுக்க தண்ணி கட்டி யூரியா எறிஞ்சா நாலாம் நாள் இதே கலர்தான். நீ இதுக்க என்னத்த எறியிறாய்?"

ஒன்றும் எறியவில்லை மாமா என்றேன். ஆனால் கேள்வி விடவில்லை. தண்ணீர் சோதிக்கும் தாள் கீற்று ஒரு பெட்டி வாங்கி, தொட்டியில் முக்கினேன், பிறகு கிணற்று வாளியிலும் முக்கினேன். கிணற்றுத் தண்ணீரிலேயே நைத்திரேற்று, அதாவது பாசிக்கு உரமாகும் நைதரசன் உப்பு, 40 காட்டியது, தொட்டியிலும் அதே நிறம்தான். எங்கள் பக்கம் கடற்கரை மணல், கக்கூஸ் குழி கிணற்றுக்கு அவ்வளவு தூரமில்லை. குழாயில் வரும் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் கீற்று நிறமே மாறவில்லை. குழாய்த் தண்ணீருக்கு பில் வரும் என்று கிணற்றை இறைத்தேன். அழுக்கை அகற்றுகிறேன் என்று இவ்வளவு காலமும் ஊற்றியது உரம்.

2023 வைகாசியில் மூன்று வேலை ஒன்றாகச் செய்தேன். தொட்டியை உட்சுவர்ப் பக்கம் நகர்த்தினேன் (இரண்டு பேர், அரை நாள், அம்மாவின் பேச்சு தனி). கிணற்றை விட்டுக் குழாய்த் தண்ணீருக்கு மாறினேன். குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைத்து, கிழமைக்கு 20 லீற்றர். மூன்றாவது, 9 வாட் யூவி விளக்கு: ஒரு குழாய்க்குள் எரிந்து, அதற்குள் ஓடும் தண்ணீரில் மிதக்கும் பாசியைப் புறஊதாக் கதிரால் கொல்வது. தண்ணீர் அந்தக் குழாய்க்குள் மெதுவாக ஓடவேண்டும். என் பம்ப் வேகமாகத் தள்ளியதால் முதல் மூன்று நாள் ஒரு மாற்றமும் இல்லை, வேகத்தைக் குறைத்த பிறகு ஐந்தாம் நாள் பின்சுவர் தெரிந்தது. எரியும் விளக்கை நேரே பார்க்கக் கூடாது, கண்ணுக்குக் கூடாது. இரவும் பகலும் எரிந்தால் மாதம் ஆறரை யூனிட்.

யூவி பற்றி இரண்டு முறைப்பாடு. ஒன்று, அது தன்னைக் கடக்கும் தண்ணீரில் உள்ளதை மட்டும் கொல்லும். கண்ணாடியில் ஒட்டும் பாசிக்கும் நைத்திரேற்றுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. மற்றது, 2024 ஆனியில் நீல வெளிச்சம் நன்றாகத்தான் எரிந்தது, தண்ணீரில் மட்டும் லேசாகப் பச்சை. விளக்கின் ஆயுள் 8000 மணித்தியாலம் அளவில்தான், அதாவது விடாமல் எரித்தால் ஒரு வருடத்துக்குள். அதன் பிறகு கண்ணுக்கு எரிவது போலிருக்கும், வேலை இருக்காது. குழல் மாற்றியதும் சரியாகிவிட்டது.

இப்போது யூவியை சித்திரை முதல் ஆவணி வரை மட்டும் போடுகிறேன். தொட்டி விளக்கு ஏழு மணித்தியாலம். சாப்பாடு ஒரு நேரம், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மணிபிளான்ட் கொடி ஒன்றை வேர் தண்ணீரில் இருக்கும்படி மூலையில் விட்டேன். நைத்திரேற்றைக் குடித்து விறாந்தை வரை ஓடிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய எதையும் விட எனக்கு இதன் மேல்தான் மதிப்பு.

கப்பி மீன் குஞ்சுகளுக்குத் தீனியாக டாஃப்னியா என்ற சின்ன நீர்ப்பூச்சி வளர்க்க, முற்றத்து வெயிலில் ஒரு வாளி பச்சைத் தண்ணீரும் வைத்திருக்கிறேன். டெங்கு பார்க்க வருபவர்களுக்குப் பயந்து நுளம்பு வலை கட்டியிருக்கிறது. டாஃப்னியா பாசியைத் தின்று தின்று, அந்த வாளி மூன்று நாளைக்கு ஒருமுறை தெளிந்துபோகிறது. பச்சையாக்க கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.