இன்ஃப்ளிக்சிமாப்: நல்ல மருந்து, ஆனால் அவசரம் தாங்காது

முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட் என்ற வழக்கமான மருந்து மட்டும் போதாதபோது அதோடு சேர்த்து டிரிப்ஸில் ஏற்றும் மருந்து இது. வீக்கத்தைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தைக் கட்டிப்போடுகிறது. மருந்து பலிப்பவர்களுக்குக் காலைநேர மூட்டு விறைப்பு சில வாரங்களிலேயே தளரும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் கலக்கும் மேசையில். எடை 60 கிலோ என்றால், கிலோவுக்கு 3 மி.கி. வீதம் 180 மி.கி., அதாவது 100 மி.கி. குப்பி இரண்டு. ஒவ்வொன்றிலும் 10 மி.லி. ஊசிநீரைக் கண்ணாடிச் சுவரோரமாக விட்டு மெல்லச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரைக்கும், புரதம் கெடும். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் நுரை அடங்கும். 250 மி.லி. சலைன் பையிலிருந்து 18 மி.லி. எடுத்துவிட்டு அதே அளவு மருந்தைச் சேர்க்கவும். குளுக்கோஸ் கூடாது. 1.2 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய வடிகட்டி கட்டாயம்.

ஏற்ற இரண்டு மணி நேரமாவது ஆகும். படுக்கை காலியாக வேண்டுமென்று வேகம் கூட்டுவது பெரும் தவறு: அரிப்பு, நெஞ்சிறுக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரலாம். வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிட வேண்டும். முடிந்தபின்னும் ஓரிரு மணி நேரம் அங்கேயே இருங்கள்.

முதல் டோஸுக்கு முன் காசநோய், ஹெபடைடிஸ் பி சோதனை பார்க்காத இடத்தில் கை நீட்டாதீர்கள்; உறங்கும் காசநோயை இம்மருந்து எழுப்பிவிடும். காய்ச்சலோடு போனால் அன்றைய டோஸைத் தள்ளிப்போடும் மையமே நல்ல மையம். முதல் டோஸுக்கு அடுத்தவை 2, 6ஆம் வாரங்களில், பிறகு எட்டு வாரத்துக்கு ஒன்று.