டீசல் வண்டியில் வாட்டர் இன்ஜெக்ஷன்: பம்ப் மாற்றிய கையோடு சில வார்த்தைகள்

வாட்டர் இன்ஜெக்ஷன் என்பது, தனி டேங்கிலிருந்து தண்ணீரை ஒரு பம்ப் மூலம் என்ஜினுக்குப் போகும் காற்றில் தூவி வெப்பத்தைக் குறைக்கும் கிட். என் கிட்டில் பம்ப்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்து, புது பம்ப் வாங்கி மாட்டி, வண்டி பட்டறையிலிருந்து நேற்றுதான் வந்தது. "நம்ம வண்டிக்கும் இதைப் போடலாமா?" என்று நண்பர் ஒருவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நல்லதை மட்டும்தான் சொல்வேன்.

வண்டி 2.2 எம்ஹாக் ஸ்கார்பியோ, பிஎஸ்4, ரீமேப் செய்தது (பவர் கூடுவதற்காக என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றியது). ஆள் நிறைய ஏற்றி, ஏசியும் போட்டு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினால், டர்போவுக்கு முன்னால் பொருத்திய இஜிடி மீட்டர் (என்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பத்தைக் காட்டுவது) 720, 730 டிகிரி என்று காட்டும். 700-க்கு மேல் நீண்ட நேரம் மிதித்துக்கொண்டே போவது பிஸ்டனுக்கும் நல்லதில்லை, டர்போவுக்கும் நல்லதில்லை. அதற்காகத்தான் இந்த கிட்.

வெப்பத்தைக் குறைக்கிறதா என்றால், சந்தேகமே வேண்டாம், குறைக்கிறது. பூஸ்ட் (டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தம்) 10 பிஎஸ்ஐ தாண்டியதும் பம்ப் ஓடத் தொடங்கும். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு அடுத்த பைப்பில் இருக்கும் நாசில் தண்ணீரைப் பனிபோலத் தூவும். அதே வளைவு, அதே கியர், மீட்டர் 650 பக்கம் வந்து நின்றுவிடும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,260 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது, சிலர் அதோடு கலக்கும் மெத்தனால் என்ற ஆல்கஹால் அதில் பாதியளவுதான். ஆக, குளிர்விக்கிற வேலையைச் செய்வது தண்ணீரே.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வேறொன்று. பம்ப் வேலைக்காக வண்டியை விட்டபோது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றினார்கள். வழக்கமாக, இஜிஆர் (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்கே அனுப்பும் ஏற்பாடு) புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து உள்ளே தாராகப் படிந்திருக்கும், ஸ்க்ரூடிரைவரால் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். பட்டறைக்காரர் உள்ளே விரலை விட்டுத் தேய்த்துக் காட்டினார். விரலில் லேசாகக் கரி, அதற்குக் கீழே அலுமினியம் தெரிகிறது. "அண்ணா, இந்த வயசு வண்டியில இப்படிப் பார்த்ததில்லை" என்றார். தண்ணீர் தூவி உள்ளே கழுவியதன் பலன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"பவர் கூடுமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தண்ணீரால் மட்டும் சொல்லிக்கொள்ளும்படி கூடாது. ஆல்கஹால் கலந்தால் கூடும். டீசலில் அது உபரி எரிபொருளாக எரிகிறது. ஆனால் மெத்தனாலின் சீட்டேன் எண் (டீசல் என்ஜினில் எவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்ளும் என்பதன் அளவு) மிகக் குறைவு. பாதிக்கு மேல் கலந்தால் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் என்ஜின் தட்ட ஆரம்பிக்கும். அதைவிடப் பெரிய விஷயம், தமிழ்நாட்டில் மெத்தனாலுக்கு 1959-லேயே தனி விதிகள் வந்துவிட்டன, உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. முடியவும் கூடாது. 2023-ல் மரக்காணத்திலும் 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் அத்தனை பேரைக் கொன்றது இதே சரக்குதான். மலை ஏறும்போது கொஞ்சம் இழுவை கூடுவதற்காக அதை கேனில் ஊற்றி வீட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. என் டேங்கில் வெறும் தண்ணீர்தான்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். அந்தத் தண்ணீரை ஊற்றுவது இருக்கிறதே!

குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. உப்பு படிந்து நாசில் அடைத்துக்கொள்ளும். குடிக்க அவ்வளவு ருசியான சிறுவாணித் தண்ணீரும் இதற்கு ஆகாது. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். ஊரில் கேன் கணக்கில் கிடைக்கிறது. மலையில் ஸ்பேர்ஸ் கடை கடையாக ஏறி, பேட்டரிக்கு ஊற்றும் ஒரு லிட்டர் பாட்டில்களைப் பொறுக்க வேண்டும். வால்பாறை போய்ச் சேர்வதற்குள் பாதி டேங்க் காலி. பின் கதவைத் திற, பைகளை எல்லாம் கீழே இறக்கு, புனலை வை, ஊற்று, சிந்தியதைத் துடை, பைகளைத் திரும்ப ஏற்று. வீட்டில் இருப்பவர்கள் டீக்கடை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஊற்றாமல் விட்டால்? தண்ணீர் தீர்ந்த நிமிடமே அது வெறும் ரீமேப் வண்டி, மீட்டர் மறுபடி 730. தீர்ந்ததைச் சொல்லவேண்டிய மிதவை சென்சார் நடுவிலேயே சிக்கி நின்றுவிட்டது. எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லை. டேங்க் காலியானால் பூஸ்ட்டைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடு நல்ல கிட்களில் உண்டு. எனக்கு விற்றவர் அப்படி ஒன்று இருப்பதையே சொல்லவில்லை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இது புதுக் குறையும் இல்லை. 1962-ல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற டர்போ பெட்ரோல் கார் இதே ஏற்பாட்டோடு வந்தது. அதன் திரவத்துக்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பெயர், தண்ணீரும் மெத்தனாலும் கலந்தது. வாங்கியவர்களில் பலர் அதை ஊற்றவே இல்லை. கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டு சாதா கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள். அறுபது வருஷம் கழித்தும் நாம் புனலோடுதான் நிற்கிறோம்.

மாட்டப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கிட் நாசிலின் மரை பெரும்பாலும் 1/8 என்பிடி (அமெரிக்க பைப் மரை அளவு), அங்குலத்துக்கு 27 மரை. நம் லேத் பட்டறைகளில் கைக்கு எட்டுவது பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு) டேப், அதாவது மரை வெட்டும் கருவி, அது 28. ஒன்றிரண்டு சுற்று ஏறும், டைட்டானதுபோலத் தெரியும், அப்புறம் பூஸ்ட் ஏறும்போதெல்லாம் கசியும். சரியான டேப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பைப்பைக் கொடுங்கள். இரண்டாவது, நாசிலுக்குப் பக்கத்தில் சோலனாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடுவது) கட்டாயம். வண்டி நின்றபின் தண்ணீர் சொட்டிச் சிலிண்டரில் தேங்கினால், ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள பிஎஸ்6 வண்டி என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள். வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐயும், இன்ஷூரன்ஸ்காரர் என்ன சொல்வார் என்பதையும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நண்பருக்கு என் பதில்: போடாதீர்கள். வெப்பம் குறைகிறது, மேனிஃபோல்டு சுத்தமாக இருக்கிறது, எல்லாம் உண்மை. இருந்தாலும் போடாதீர்கள். ஒரு இஜிடி மீட்டர் மட்டும் மாட்டி, ஆள் ஏற்றி ஒருமுறை வால்பாறை ஏறிப் பாருங்கள். 700-ஐத் தாண்டினால் ரீமேப் செய்தவரிடம் போய் டீசல் அளவைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.