பரவல் குழாயா, தானியங்கிக் கருவியா?

இங்கிலாந்தின் உள்ளூர் மன்றங்கள் காற்றிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடை (வாகனப் புகையில் வரும் மாசு வாயு) இரு வழிகளில் அளக்கின்றன.

பரவல் குழாய் விரல் நீள அக்ரிலிக் குழாய். மூடிக்குள், அந்த வாயுவை ஈர்த்துக்கொள்ளும் ட்ரைஎத்தனோலமைன் என்ற வேதிப்பொருள் தடவிய எஃகு வலை. விளக்குக் கம்பத்தில் 2 முதல் 4 மீட்டர் உயரத்தில், வாய் கீழ்நோக்கி மாட்டி, 4 அல்லது 5 வாரம் கழித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மலிவு, மின்சாரமும் வேண்டாம். தெருவுக்குத் தெரு மாட்டலாம். ஆனால் பலத்த காற்று வாய்க்குள் சுழன்றால் அளவு கூடிப்போகும். காணாமல் போவதும் உண்டு.

தானியங்கிக் கருவி மணிக்கு மணி எண் தரும். ஆண்டுச் சராசரி வரம்பான கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமைச் சரிபார்க்கக் குழாய் போதும். மணிநேர வரம்பான 200 மைக்ரோகிராமை நேரடியாகச் சரிபார்க்கக் கருவியே வேண்டும். விலை அதிகம், அளவீட்டுத் திருத்தம் தவறினால் எண்கள் நகர்ந்துவிடும்.

குழாயின் பிழையைச் சரிசெய்ய, கருவியின் உறிஞ்சுவாயருகே 3 குழாய்களை ஓராண்டு மாட்டி, திருத்தக் காரணி (கருவியின் சராசரியைக் குழாய்களின் சராசரியால் வகுத்த எண்) கண்டு, மற்றக் குழாய்களின் அளவுகளையும் அதனால் பெருக்குங்கள். திருத்தாத எண்ணை அறிக்கையில் இறுதி முடிவாகத் தராதீர்கள்.